மாத்திரையைப் பூட்டிவைக்கும் வீடுகள்

மறைமலை நகரில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். அறுபதைக் கடந்த தாய்க்கு மார்பகப் புற்றுநோய். அறுவைச் சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்து மூன்றாண்டுகளுக்குப் பிறகு நோய் இடுப்பெலும்புக்குப் பரவியிருக்கிறது. மருத்துவமனையில் மார்ஃபின் மாத்திரை எழுதித் தருகிறார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, இரவு படுக்கும் முன் இரண்டு. மருந்தை வாங்கிவந்த மகன் அதை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். 'அது போதை மருந்து, பழகிவிட்டால் விட முடியாது' என்று தொழிற்சாலையில் உடன் பணிபுரியும் நண்பர் சொல்லியிருக்கிறார். ஆகவே, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இடைப்பட்ட நேரமெல்லாம் தாய் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார். ஒருநாள் மகன் குளிக்கச் சென்ற நேரத்தில் சாவியை எடுத்து, மூன்று மாத்திரைகளை முந்தானையில் முடிந்துவைத்துக்கொள்கிறார். மாலையில் மகன் எண்ணிப் பார்க்கிறார். மூன்று குறைகிறது. 'நான் பயந்தபடியே ஆகிவிட்டது' என்று மனைவியிடம் சொல்கிறார்.

இந்த வீடு கற்பனைதான். ஆனால், வலிநிவாரணத் துறையில் பணியாற்றும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இது புதிய காட்சியாக இராது. இங்கே மருந்தைத் தவறாகப் பயன்படுத்தியவர் யார்? திருட்டுத்தனமாக எடுத்த தாயா, எழுதித் தந்த அளவில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே தந்த மகனா? புற்றுநோயாளிகள் வலிநிவாரணி மருந்துகளைத் தவறாகப் பயன்படுத்துவது குறித்துப் பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வியைத் தாண்டிச் சென்றுவிடுகிறோம்.

அபினிலிருந்து பெறப்படும் மார்ஃபின், கோடீன் போன்றவையும், அவற்றைப் போலச் செயல்படும் வகையில் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட ஃபென்டனில், மெத்தடோன், டிரமடால், டேபென்டடால் போன்றவையும் ஓபியாய்டு எனப்படும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள சில ஏற்பிகளுடன் இணைந்து, வலிச் செய்தி மேலே செல்வதை இவை மட்டுப்படுத்துகின்றன. அதே ஏற்பிகள்தாம் மூச்சின் வேகத்தையும் குடலின் அசைவையும் மனத்தின் கிளர்ச்சியையும் தொட்டுச் செல்கின்றன. வலியைத் தணிக்கும் மருந்தே மலச்சிக்கலைத் தருவதும், அளவு மீறினால் மூச்சை அடக்குவதும், சிலருக்குப் போதையாவதும் இதனால்தான்.

'பழகிவிடும்' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு நிலைகளை நாம் அடைத்துவைத்திருக்கிறோம். முதலாவது, நாளடைவில் அதே அளவு மருந்து முன்போலப் பலன் தராமல் போவது. இரண்டாவது, சில வாரங்கள் தொடர்ந்து உட்கொண்ட மருந்தைத் திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, உடல்வலி, பதற்றம் ஆகியவை தோன்றுவது. இவ்விரண்டும் உடலின் இயல்பு. ஸ்டீராய்டு மாத்திரையையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளையும்கூடத் திடீரென நிறுத்தக் கூடாது என்கிறோம். அவற்றை உட்கொள்பவரைப் போதைக்கு அடிமையானவர் என்று எவரும் சொல்வதில்லை. மூன்றாவது நிலைதான் அடிமைத்தனம். மருந்தின் மீது கட்டுக்கடங்காத வேட்கை, கேடு விளைகிறது என்று தெரிந்தும் நிறுத்த இயலாமை, வலி இருக்கிறதோ இல்லையோ மருந்தைத் தேடியே நாளைக் கழிப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். முதலிரண்டும் மார்ஃபின் உட்கொள்ளும் பலருக்கும் வரக்கூடியவை. மூன்றாவது அனைவருக்கும் வருவதில்லை.

வலி தணியாத நோயாளி அடுத்த மாத்திரைக்காகக் கடிகாரத்தைப் பார்ப்பார், கெஞ்சுவார், கோபப்படுவார், ஒளித்துவைப்பார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அடிமைத்தனத்தைப் போலவே தோன்றும். போதிய அளவில் மருந்து கொடுத்து வலி அடங்கிவிட்டால் இந்த நடத்தையும் அடங்கிவிடும். இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட 17 வயது இளைஞர் ஒருவரின் நிலையை வைத்து, 1989-இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர் இதற்குப் 'போலி அடிமைத்தனம்' என்று பெயரிட்டனர். மறைமலை நகர்த் தாயின் முந்தானையில் இருந்த மூன்று மாத்திரைகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே. ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பிற்காலத்தில் மருந்து நிறுவனங்கள் இதே கருத்தைக் கையிலெடுத்து, நோயாளி அதிகமாகக் கேட்டால் அதிகமாகக் கொடுங்கள் என்று மருத்துவர்களைத் தூண்டின. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரே பின்னர் அத்தகைய நிறுவனம் ஒன்றில் உயர் பொறுப்பு வகித்தார். சரியான கருத்தும் தவறான கைகளில் சேரக்கூடும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இதைவிடக் கசப்பான சான்று குறைவு.

நம் நாட்டின் கதை வேறு திசையில் சென்றது. 1985-இல் கொண்டுவரப்பட்ட போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், கடத்தலை ஒடுக்கும் நோக்கில் கடும் தண்டனைகளை விதித்தது. மருத்துவப் பயன்பாட்டை அது தடைசெய்யவில்லை. ஆனால், மார்ஃபின் வாங்கவும் கொண்டுசெல்லவும் இருப்பு வைக்கவும் தனித்தனி உரிமங்கள் தேவைப்பட்டன. வெவ்வேறு துறைகள் வழங்கிய அவையனைத்தும் ஒரே காலத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டும். கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் சிறைத் தண்டனை என்ற அச்சத்தில் மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் மார்ஃபினைக் கைகழுவின. 1985-இல் 573 கிலோவாக இருந்த இந்தியாவின் ஆண்டு மார்ஃபின் பயன்பாடு 1997-இல் 18 கிலோவாகச் சரிந்தது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமம் பெற்று அபின் பயிரிட்டு, மருந்து தயாரிப்புக்காக உலகுக்கு ஏற்றுமதியும் செய்த நாடு இது.

தாயின் புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் கிடைக்காத மருந்தியல் அறிஞர் ஒருவர் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். மார்ஃபின் கேட்டு வரும் விண்ணப்பங்கள் மீது மாநில அரசுகள் விரைந்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 1998-இல் நீதிமன்றம் கூறியது. ஒரு மருந்தியல் அறிஞராலேயே தம் தாய்க்கு அந்த மருந்தைப் பெற்றுத்தர இயலவில்லை என்றால் மற்றவர்களின் நிலையை விளக்க வேண்டியதில்லை. 2014-இல்தான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்ற புதிய பிரிவு உருவாக்கப்பட்டு, மார்ஃபின், கோடீன், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் 2015-இல் அதில் சேர்க்கப்பட்டன. பல உரிமங்களுக்குப் பதிலாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரின் அங்கீகாரம் ஒன்று போதும் என்றானது.

சட்டம் மாறிவிட்டது, மனம் மாறவில்லை. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வலிநிவாரணத்துக்குத் தேவையான ஓபியாய்டு மருந்தில் இந்தியாவுக்குக் கிடைப்பது 4 சதவீதம். அமெரிக்காவுக்குக் கிடைப்பதோ அதன் தேவையைப் போல 30 மடங்குக்கும் மேல். வீடுகளில் மட்டும் அல்ல, மருத்துவமனைகளிலும் மாத்திரை பூட்டப்பட்டே இருக்கிறது.

அச்சத்துக்கு ஆதாரம் உண்டா என்று கேட்டவர்களுக்கு முதலில் விடையளித்தது கோழிக்கோடு. அங்கு 1993-இல் தொடங்கப்பட்ட வலிநிவாரண மையம், புறநோயாளிகளான புற்றுநோயாளிகளுக்கு மார்ஃபின் மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்பியது. ஈராண்டுக் காலத்தில் இவ்வாறு மார்ஃபின் பெற்ற 1,723 பேரைப் பற்றிய ஆய்வை மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் இரு அமெரிக்க ஆய்வாளர்களும் 2001-இல் லான்செட்டில் வெளியிட்டனர். மருந்து தவறாகப் பயன்படுத்தப்பட்டதாகவோ வேறு கைகளுக்குச் சென்றதாகவோ ஒரு நிகழ்வும் கண்டறியப்படவில்லை. மருந்து தாராளமாகக் கிடைத்தால் தெருவுக்கு வந்துவிடும் என்ற வாதத்துக்கு எதிராக இன்றுவரை முன்வைக்கப்படும் சான்று இதுவே.

எனினும், இந்த எண்ணை எடுத்துக்கொண்டு எங்கும் செல்ல முடியாது. ஏன் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. 1980-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம் வெளிவந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஓபியாய்டு மருந்து பெற்ற 11,882 பேரில் நால்வருக்கு மட்டுமே அடிமைத்தனம் ஏற்பட்டதாக அது தெரிவித்தது. மருத்துவமனைக் கட்டிலில், செவிலியரின் கண்முன்னே, சில நாள்கள் மருந்து பெற்றவர்கள் அவர்கள். அந்தக் கடிதத்தை முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் மாதக்கணக்கில் மருந்து எழுதுவதற்கான சான்றாக மாற்றிவிட்டார்கள். 2017-இல் கணக்கெடுத்தபோது, 608 கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை அடிமைத்தனம் அரிது என்பதற்கான ஆதாரமாகவே காட்டியிருந்தன. 1996-இல் ஆக்சிகோன்டின் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டியூ நிறுவனம் இந்த அலையில் பெரும் பொருளீட்டியது. 2007-இலும் 2020-இலும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இடையில் மாண்டவர்கள் இலட்சக்கணக்கானோர்.

கோழிக்கோட்டு எண்ணுக்கும் அதன் எல்லைகள் உண்டு. நோய் முற்றிய நிலையில் இருந்தவர்களைக் கவனித்த மையம் அது. மருந்தை எழுதியவரே கணக்கையும் வைத்திருந்தார். மருந்தோடு மனிதர்களும் வீடு தேடிச் சென்றனர். இன்றைய நிலை வேறு. புற்றுநோயிலிருந்து மீண்டு பத்தாண்டுகள், பதினைந்தாண்டுகள் வாழ்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். கட்டி போய்விட்டது, கதிர்வீச்சும் அறுவைச் சிகிச்சையும் விட்டுச்சென்ற நரம்புவலி போகவில்லை. இறுதி மாதங்களுக்காகத் தொடங்கிய மாத்திரை ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள புற்றுநோய் மையம் ஒன்றில், வலிநிவாரணப் பிரிவுக்கு வந்த நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் மருத்துவ நோக்கத்துக்கு அப்பாற்பட்ட பயன்பாட்டின் அறிகுறி ஏதேனும் ஒன்றாவது காணப்பட்டதாக 2021-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. குறித்த நாளுக்கு முன்பே மருந்து கேட்பதும் அந்த அறிகுறிகளில் ஒன்று என்பதைச் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். ஐந்தில் ஒருவர் அடிமை என்று பொருளல்ல. ஐந்தில் ஒருவரிடம் மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது என்று பொருள்.

இங்கே அந்தப் பேச்சு எதைப் பற்றியதாக இருக்கும்? இன்னொரு வீட்டைப் பார்ப்போம். ஐம்பது வயதுடைய ஒருவருக்கு வாய்ப் புற்றுநோய். புகையிலையும் மதுவும் இருபதாண்டுப் பழக்கம். நோய் வந்த பிறகு இரண்டையும் நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார்; மதுவை முழுமையாக நிறுத்தவில்லை. இரவில் உறக்கம் வருவதில்லை. முகம் சிதைந்துவிட்டதால் வெளியே செல்வதில்லை. வேலை போய்விட்டது, மகளின் திருமணம் தள்ளிப்போகிறது. ஒரு மாத்திரை வலியைத் தணிக்கிறது. இரண்டு உட்கொண்டால் இவையெல்லாம் சற்று நேரம் மறந்துபோகின்றன என்பதை அவர் கண்டுகொள்கிறார். இது முந்தானையில் முடிந்த மூன்று மாத்திரைகள் போன்றதல்ல. வலிக்கான மருந்தைத் துயரத்துக்கு மருந்தாக்கிக்கொள்ளும் நிலை இது. 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் ஆதரவு இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ், உடல்வலியோடு மனம், குடும்பம், பொருளாதாரம், ஆன்மிகம் என அனைத்தும் சேர்ந்ததையே 'முழுவலி' என்றார். முழுவலிக்கு மார்ஃபினை மட்டும் கொடுத்தால் அளவு கூடிக்கொண்டேதான் போகும்.

இவருக்கு மார்ஃபினே கூடாது என்பது தீர்வல்ல. மதுப் பழக்கம் இருந்தவருக்கும் புற்றுநோய் வலி அதே வலிதான். ஆனால், மருந்து எழுதுவதற்கு முன்பு சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். மது, புகையிலை, வேறு போதைப் பழக்கம் உண்டா? குடும்பத்தில் எவருக்கேனும் உண்டா? மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றதுண்டா? வீட்டில் மருந்தை வைத்திருப்பவர் யார்? 'ஆம்' என்ற விடைகள் கூடக்கூடக் குறைந்த நாள்களுக்கான மருந்தும் அடிக்கடி சந்திப்பும் மனநல ஆலோசனையும் தேவை. மருந்தை மறுப்பதற்காகக் கேட்கப்படும் கேள்விகள் அல்ல இவை என்பது நோயாளிக்குப் புரிந்தால்தான் உண்மையான விடை வரும். நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில், வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கையில், மனைவி மக்கள் முன்னிலையில், 'குடிப்பீர்களா' என்று கேட்டால் வரும் விடையை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

நம் வீடுகளில் நடக்கும் தவறுகளில் பல, போதை என்ற சொல்லுக்குள் அடங்காதவை. தந்தையின் மாத்திரையை முதுகுவலிக்காக மகன் ஒன்று போட்டுக்கொள்கிறார். 'நல்ல மாத்திரை' என்று அண்டை வீட்டுக்கு ஒன்று போகிறது. மார்ஃபினைப் பலநாள் உட்கொண்டுவரும் நோயாளியின் உடல் தாங்கும் அளவை, அதுவரை தொட்டறியாத ஒருவரின் உடல் தாங்காது. மதுவோ தூக்க மாத்திரையோ உடன் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும். எழுப்பினால் எழாத உறக்கம், மிக மெதுவான மூச்சு, ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி ஆகிய மூன்றும் தெரிந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். நாலோக்சோன் என்ற மாற்று மருந்து மருத்துவமனைகளில் உண்டு.

ஃபென்டனில் ஒட்டுத்தாள் இன்னொரு வகை. தோலில் ஒட்டப்படும் அது 72 மணி நேரம் மெதுவாக மருந்தை உள்ளே செலுத்துகிறது. அதன்மேல் வெந்நீர்ப் பை வைத்து ஒத்தடம் கொடுத்தால் மருந்து வேகமாக உள்ளே போய்விடும். நம் வீடுகளில் வலி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஒத்தடம்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடும் காய்ச்சலும் அதே வேலையைச் செய்யும். கழற்றிய ஒட்டுத்தாளிலும் கணிசமான மருந்து எஞ்சியிருக்கும். அதை ஒட்டும் பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்து, குழந்தைகளின் கைக்கு எட்டாதவாறு அகற்ற வேண்டும்.

மார்ஃபின் மாத்திரை பெரும்பாலான தெருமுனை மருந்துக் கடைகளில் கிடைப்பதில்லை. வலி தாளாத இரவில் குடும்பம் அருகிலுள்ள சிறு கிளினிக்குக்கு ஓடுகிறது. அங்கே பென்டசோசின் ஊசி போடப்படுகிறது. வலி உடனே பறந்துவிடும், சில மணி நேரத்தில் திரும்பிவரும், மீண்டும் ஊசி. சட்டென ஏறிச் சட்டென இறங்கும் இந்த ஊசிதான், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சீராக விழுங்கும் மாத்திரையைக் காட்டிலும் வேட்கையைத் தூண்டக்கூடியது. தொடர்ந்து குத்திய இடத்தில் தசை இறுகிப் புண்ணாகும். ஏற்கெனவே மார்ஃபின் உட்கொள்பவருக்கு இதைப் போட்டால், மார்ஃபினைத் திடீரென நிறுத்தியதுபோன்ற துன்பம் கிளம்பும். மாத்திரைக்கு அஞ்சி ஊசியை நம்புவது, நிழலுக்குப் பயந்து குழியில் இறங்குவதைப் போன்றது.

புறநகர்ப் பெற்றோரின் இன்றைய அச்சத்துக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. டேபென்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள், கூரியரில் வந்திறங்கும் மாத்திரைப் பெட்டிகள், கைதுகள் என்று சென்னையிலும் புறநகர்ப் பகுதிகளிலும் மேற்கு மாவட்டங்களிலும் இருந்து செய்திகள் வந்தவண்ணம் உள்ளன. எய்ம்ஸ் தலைமையில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் ஓபியாய்டு பயன்படுத்துவோர் 2.26 கோடிப் பேர். மருந்து வடிவ ஓபியாய்டுகளைப் பயன்படுத்துவோர் மட்டுமே மக்கள்தொகையில் ஏறத்தாழ ஒரு சதவீதம். இது கற்பனை அச்சமல்ல.

ஆனால், இந்த மாத்திரைகள் எங்கிருந்து வருகின்றன? புற்றுநோயாளியின் தலையணைக்கு அடியிலிருந்து அல்ல; தயாரிப்பாளருக்கும் சில்லறைக் கடைக்கும் இடைப்பட்ட மொத்த வணிகத்தின் ஓட்டைகளிலிருந்தே பெரும்பாலும் கசிகின்றன. 2018 ஏப்ரலில் டிரமடால் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டது. டேபென்டடால் அப்போது வெளியே விடப்பட்டது. ஒரு கதவை அடைத்ததும் வணிகம் அடுத்த கதவுக்கு நகர்ந்தது. டேபென்டடாலையும் காரிசோப்ரொடாலையும் கலந்த மாத்திரைகளை மும்பை நிறுவனம் ஒன்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பிவந்ததை 2025 பிப்ரவரியில் பிபிசி வெளிப்படுத்திய பிறகுதான், அந்தக் கலவையின் தயாரிப்பு, ஏற்றுமதி அனுமதிகளை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பப் பெற்றது. மொத்த வணிகத்தில் பெட்டி பெட்டியாக நடக்கும் கசிவைத் தடுக்க இயலாத அமைப்பு, நோயாளியின் இருபது மாத்திரைகள் மீது கடுமை காட்டுவது எளிது. ஒவ்வொரு முறையும் கட்டுப்பாடு இறுகும்போது முதலில் மருந்தை எடுத்துவைக்காமல் விடுவது நேர்மையான கடைக்காரர்தான். அலைவது நோயாளியின் குடும்பந்தான். அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புற்றுநோய் சிகிச்சைக்கும் இறுதிக்கால ஆதரவுக்கும் பொருந்தாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தும், புற்றுநோயாளிகளுக்கும் மருந்து மறுக்கப்பட்டது. 2019-இல் மையமே விளக்கமளிக்க நேர்ந்தது.

பாதுகாப்புக்குச் சிறந்த வழி குறைந்த நாள்களுக்கான மருந்தைக் கணக்கிட்டுக் கொடுப்பது என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. மறைமலை நகரிலிருந்து பார்க்கும்போது சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குச் செல்ல வேண்டுமானால் மின்சார ரயிலில் கிண்டி வரை சென்று, பேருந்து மாற வேண்டும். காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனைக்குச் செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம் செல்ல வேண்டும். எதுவாயினும் ஒரு முழு நாள்; உடன் வருபவரின் ஒரு நாள் கூலி. வாரம் ஒருமுறை வாருங்கள் என்றால் வர மாட்டார்கள். ஆகவே, மருத்துவர் இரக்கப்பட்டு ஒரு மாதத்துக்குத் தருகிறார். ஒரு மாத மருந்து வீட்டில் இருப்பதாலேயே பூட்டும் சந்தேகமும் பங்கீடும் தொடங்குகின்றன. அடுத்த முறை போக முடியுமோ முடியாதோ என்ற கவலையில் நோயாளியே மாத்திரையைக் குறைத்து உட்கொண்டு சேமிக்கிறார். சிலர் இரு மருத்துவமனைகளிலும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஓரிடத்தில் எழுதியது மற்றோரிடத்துக்குத் தெரிய வழியில்லை. தவறான பயன்பாடு என்று நாம் பட்டியலிடும் பலவற்றின் வேர் இந்தத் தொலைவில் இருக்கிறது.

மருந்து அருகில் கிடைத்தால் குறைவாகக் கொடுக்கலாம். குறைவாகக் கொடுத்தால் கண்காணிக்கலாம். அதற்கான அமைப்பு தமிழகத்தில் பாதி உருவாகியே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வலிநிவாரணமும் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே செல்லும் சேவைகளாகச் சேர்க்கப்பட்டுள்ளன. படுக்கையில் இருப்பவருக்குப் புண் துடைத்துக் கட்டும் செவிலியர், மார்ஃபின் மாத்திரைகளையும் எண்ணிப் பார்க்கலாம். எத்தனை எஞ்சியிருக்க வேண்டும், எத்தனை இருக்கின்றன? குறைந்தால் ஏன்? கூடினாலும் ஏன்? இரண்டாவது கேள்வியே இங்கு அதிகம் கேட்கப்பட வேண்டியது. எழுதித் தந்தவர், செவிலியர், குடும்பம் ஆகிய மூவரும் பார்க்கக்கூடிய ஒரு குறிப்பேடு படுக்கையருகே இருந்தால் போதும்; இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மறைமலை நகரிலிருந்து மூன்று ரயில் நிலையத் தொலைவுதான். பெரிய மையத்தில் தொடங்கிய மருந்தை அங்கிருந்து வாரந்தோறும் தொடர்ந்து பெற முடிந்தால், கிண்டிக்கும் காஞ்சிபுரத்துக்கும் அலைவது மாதம் ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ ஆகிவிடும்.

மருந்தின் அளவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் போதாது. எலும்புக்குப் பரவிய வலிக்கு ஒரே தவணைக் கதிர்வீச்சு பலருக்கு நல்ல நிவாரணம் தரும். நரம்புவலிக்கு வேறு மாத்திரைகள் உண்டு. இவற்றைச் சேர்த்தால் மார்ஃபின் தேவையே குறையும். மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும்; மலச்சிக்கலுக்கு அஞ்சி மருந்தை விட்டவர்கள், போதைக்கு அஞ்சி விட்டவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர்.

அடையாற்றில் ஒரு பக்கம், மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட புற்றுநோய் நிலையம் இருக்கிறது. மறுபக்கம், மது, போதைப் பழக்கத்திலிருந்து மீட்பதற்காக 1980-இல் தொடங்கப்பட்ட டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. நாட்டிலேயே மூத்த இரு நிறுவனங்கள், ஒரே பகுதியில். ஆனால், மாவட்ட மருத்துவமனைகளில் இவ்விரு துறைகளும் ஒன்றையொன்று அறியாத அடுத்தடுத்த அறைகளாகவே பெரும்பாலும் இயங்குகின்றன. புற்றுநோய் மருத்துவருக்குப் போதை மீட்புச் சிகிச்சையில் பயிற்சி குறைவு. மனநல மருத்துவரோ புற்றுநோய் வலியைக் கையாளத் தயங்குகிறார். வாய்ப் புற்றுநோயோடும் மதுப் பழக்கத்தோடும் வரும் அந்த ஐம்பது வயதுக்காரருக்கு இருவரும் ஒரே மேசையில் தேவைப்படுகிறார்கள். குடும்பத்தினர் ஆலோசனைக்கு 104 என்ற மாநிலச் சுகாதார உதவி எண்ணையும், போதை மீட்புக்கான 14446 என்ற தேசிய உதவி எண்ணையும் அழைக்கலாம்.

இனி அந்த முதல் வீடு. மகனைக் குறைசொல்லிப் பயனில்லை. அவருக்கு எவரும் எதையும் விளக்கவில்லை. 'நேரத்துக்குக் கொடுங்கள்' என்ற இரு சொற்களோடு மருந்துச் சீட்டு அவர் கைக்கு வந்தது. நான்கு மணி நேரக் கணக்கு ஏன், இரவில் இரண்டு ஏன், இடையில் திடீரெனக் கிளம்பும் வலிக்கு எத்தனை கூடுதலாகத் தரலாம், எந்த அறிகுறி கண்டால் நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும் என்று பத்து நிமிடம் பேசியிருந்தால் போதும். அலமாரியைப் பூட்டுவதிலும் தவறில்லை. வீட்டில் சிறுவர்கள் இருந்தால் பூட்டத்தான் வேண்டும். சாவி உரிய நேரத்தில் திறக்க வேண்டும், அவ்வளவே.

அந்தத் தாய் ஒருநாள் இறந்துபோவார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அலமாரியைத் திறக்கும்போது மாத்திரைகள் எஞ்சியிருக்கும். அவற்றைக் குப்பையில் போடக் கூடாது; 'யாருக்காவது பயன்படும்' என்று எடுத்துவைக்கவும் கூடாது. எழுதித் தந்த மருத்துவமனையின் வலிநிவாரணப் பிரிவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்து, எண்ணி, ஒரு தாளில் குறித்து, அங்கேயே ஒப்படைக்க வேண்டும். துக்கம் விசாரிக்க வரும் செவிலியரே அதைக் கேட்டு வாங்கிச் செல்லும் ஊர்களும் உண்டு.